குடல் ஹார்மோனும் குடல் நரம்பும்: வளவில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள்

போன மாதம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). மதியப் பந்தி முடிந்து, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய இடத்தில், விரித்திருந்த ஜமுக்காளத்தில் ஆளுக்கொரு தூணைப் பிடித்துச் சாய்ந்திருந்தோம். நர்ஸிங் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அது தெரிந்த ஓர் ஆச்சி, “வயித்துக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம் தம்பி?” என்று ஆரம்பித்துவைத்தார். அப்புறம் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு போனிலும் சில கேள்விகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அன்று வாய்க்கு வந்தபடி சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

குடலுக்கென்று தனி நரம்பு உண்டா? எல்லாம் மூளையிலிருந்து வருவதுதானே?

உண்டு. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் குடல் சுவருக்குள்ளேயே குடியிருக்கின்றன. இரண்டு வலைகளாகப் பின்னிக் கிடக்கின்றன. உள்தோலுக்கு அடியில் இருப்பது மைஸ்னர் வலை. 1857-இல் அதை விவரித்த ஜெர்மானியரின் பெயர் அது. குடலை வளைத்துச் சுற்றும் தசைக்கும் நீளவாக்கில் ஓடும் தசைக்கும் நடுவே இருப்பது அவுர்பாக் வலை. முன்னது நீர் சுரப்பதையும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. குடலை அசைப்பது பின்னது.

மூளையோடு தொடர்பு இல்லாமல் இல்லை. வேகஸ் என்கிற நரம்புதான் பெரிய வழி. ஆனால் அதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உள்ளுறுப்புகளிலிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. கீழே உத்தரவு கொண்டுவருகிறவை மிச்சம்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அந்தக் காலத்தில் ஐயா ரங்கூனுக்கோ மலாயாவுக்கோ கொண்டுவிக்க (தொழில் நடத்த) போனால் திரும்ப மூன்று வருஷம் ஆகும். அதுவரை வீடு நின்றா போயிற்று? நெல் அளப்பது, கூலி கொடுப்பது, விருந்து, பிள்ளைப்பேறு எல்லாம் வளவுக்குள்ளேயே முடிவாயின. பெரிய விஷயம் என்றால்தான் கடுதாசி. மூளையும் குடலும் நடத்துகிற குடித்தனம் இப்படிப்பட்டது. 1917-இல் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானியர் கினிப்பன்றியின் குடல் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து வெளியே வைத்து, உள்ளே நீரேற்றிப் பார்த்தார். மூளையும் இல்லை, முதுகுத்தண்டும் இல்லை. அது பாட்டுக்கு அலையலையாய்ச் சுருங்கித் தள்ளியது.

ஹார்மோன் சுரக்கும் சுரப்பி குடலில் எங்கே இருக்கிறது?

தைராய்டு மாதிரி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. குடலின் உள்தோலில் நூறு செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹார்மோன் செல்கள் தூவினாற்போல் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உடம்பிலேயே பெரிய ஹார்மோன் சுரப்பி குடல்தான்.

இந்தச் செல்லின் தலை குடலின் உள்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கொழுப்பு வந்ததா, புரதம் வந்ததா, அமிலம் வந்ததா என்று பார்ப்பது அதன் வேலை. வந்ததற்கு ஏற்ப அடிப்பக்கமாக ஹார்மோனை விடும். இரைப்பையில் கேஸ்ட்ரின், கிரெலின். சிறுகுடலின் தொடக்கத்தில் செக்ரெட்டின், கோலெசிஸ்டோகைனின், மோட்டிலின். கீழே போகப் போக ஜிஎல்பி-1, பிஒய்ஒய். செரோடோனின் நெடுகிலும் உண்டு.

விட்ட ஹார்மோன் ரத்தத்தில் ஏறித் தூரத்து உறுப்புக்குப் போகலாம். பக்கத்திலேயே இருக்கும் நரம்பு முனையைத் தொடலாம். மூன்றாவதாக ஒரு வழியும் சமீபத்தில் தெரியவந்தது. சில ஹார்மோன் செல்கள் அடியில் ஒரு வால் நீட்டி, நரம்பு செல்லோடு நேராகவே சந்தி போட்டுக்கொள்கின்றன. வேகஸ் நரம்போடு அப்படி இணைந்து, நொடிக்கும் குறைவான நேரத்தில் சேதி அனுப்புவதை 2018-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எலிகளில் காட்டினார்கள். ஹார்மோன் என்றால் மெதுவாக வேலை செய்வது என்று நான் இருபது வருஷம் போர்டில் எழுதிப்போட்டவன். அந்தப் பிள்ளைகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?

இரண்டு மைத்துனர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வேலை பார்த்த பேலிஸும் ஸ்டார்லிங்கும். பேலிஸ் கட்டியது ஸ்டார்லிங்கின் உடன்பிறந்தவளை.

அப்போது செரிமானம் என்றால் ரஷ்யாவின் பாவ்லோவ் சொல்வதுதான் வேதம். இரைப்பையிலிருந்து அமிலம் சிறுகுடலில் இறங்கியதும் கணையம் நீர் சுரக்கிறதல்லவா, அது நரம்பு வழியாக நடப்பது என்பது அவர் கட்சி. 1902 ஜனவரியில் மைத்துனர்கள் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்கு வரும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு உள்ளே அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லாமலும் கணையம் சுரந்தது. குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் ஏற்றினார்கள். அதற்கும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, உலகத்தில் முதலில் ஹார்மோன் என்று பெயர் சூட்டப்பட்டது குடலில் கிடைத்த பொருளுக்குத்தான்.

இதே இருவர்தான் 1899-இல் குடல் நரம்பைப் பற்றியும் முக்கியமான ஒன்றைச் சொன்னவர்கள். குடலில் ஓர் இடத்தைத் தூண்டினால் அதற்கு மேலே சுருங்கும், கீழே தளரும். பண்டம் எப்போதும் கீழ்நோக்கி நகர்வது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை. நரம்பு வேண்டாம் என்று நிரூபித்த அந்த செக்ரெட்டினே, உடம்பில் சாதாரணமாக இருக்கும் சிறிய அளவில் பாதி வேலையை வேகஸ் நரம்பைத் தூண்டித்தான் செய்துகொள்கிறது என்று பல பத்தாண்டுகளுக்குப் பின் எலிகளில் பார்த்தார்கள். பாவ்லோவ் அடியோடு தோற்றுவிடவில்லை.

ஹார்மோன் நேராகத் தசையைச் சுருக்காதா? நடுவில் நரம்பு எதற்கு?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கேட்டது பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்.

சில இடங்களில் நேராகவும் சுருக்கும். ஆனால் நேராகப் போனால் கெட்டுவிடும் இடங்களும் உண்டு. பித்தப்பையை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ப் பண்டம் சிறுகுடலுக்கு வந்ததும் கோலெசிஸ்டோகைனின் சுரக்கிறது. பித்தப்பை சுருங்க வேண்டும், பித்தநீர் குடலுக்குள் இறங்கும் வாசல் தளர வேண்டும். ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சுருக்கம், அடுத்த இடத்தில் தளர்ச்சி. ஒரே ஹார்மோன் இரண்டையும் எப்படிச் செய்யும்?

பூனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். கோலெசிஸ்டோகைனின் கொடுத்தால் வாசல் தளர்ந்தது. பிறகு பேத்தை மீனின் விஷமான டெட்ரோடோடாக்ஸின் கொடுத்து நரம்புகளை வாயடைக்கச் செய்துவிட்டு அதே ஹார்மோனைக் கொடுத்தார்கள். வாசல் இறுகியது! தசையிடம் நேராகப் பேசினால் அந்த ஹார்மோன் ‘சுருங்கு’ என்றுதான் சொல்லும். அங்கே இருக்கும் நரம்பு அதைக் கேட்டுக்கொண்டு, தளர்த்துகிற வேறு ரசாயனத்தைத் தசைமேல் விடுகிறது. உடம்பு நல்லபடியாக இருக்கும்போது நரம்பின் பேச்சுதான் ஓங்கி நிற்கிறது.

அதாவது ஹார்மோன் கொண்டுவருவது ‘கொழுப்பு வந்திருக்கிறது’ என்ற சேதியை மட்டும். அதற்கு இந்த இடத்தில் என்ன செய்வது என்று முடிவெடுப்பது அந்தந்த இடத்து நரம்பு. விருந்தாள் வந்துவிட்டார் என்று முகப்பிலிருந்து ஒரு குரல் வந்தால் இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டுவார்கள், பட்டாலையில் பாய் விரிப்பார்கள். குரல் ஒன்றுதான்.

அப்படியானால் குடல் அலையை ஓட்டுவது எந்த ஹார்மோன்?

செரோடோனின் என்றுதான் ரொம்ப நாள் பதில் சொல்லிவந்தோம். பாதி சரி.

உடம்பில் உள்ள செரோடோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குடலில் இருக்கிறது. இத்தாலியரான எர்ஸ்பாமர் 1930களில் குடலில் கண்டெடுத்து அதற்கு எண்டிரமின் என்று பெயர் வைத்தார். 1948-இல் அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தவர்கள் செரோடோனின் என்றார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய 1952 ஆனது.

பண்டம் வந்து குடல் விரியும்போது உள்தோலின் செல் அந்த இழுவையை உணர்ந்து செரோடோனினை விடுகிறது. அடியில் காத்திருக்கும் உணர்நரம்பு அதை வாங்கி, மேல்பக்கமும் கீழ்பக்கமும் சேதி அனுப்புகிறது. மேல்பக்கத்து நரம்புகள் அசிடைல்கோலின் விட்டுத் தசையைச் சுருக்குகின்றன. கீழ்பக்கத்து நரம்புகள் நைட்ரிக் ஆக்ஸைடு போன்றவற்றை விட்டுத் தளர்த்துகின்றன. மைத்துனர்கள் 1899-இல் சொன்னது இந்தச் சங்கதிதான். வேலை முடிந்ததும் உள்தோல் செல்களே செரோடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன.

மீதிப் பாதி இதுதான்: செரோடோனின் செல்கள் உள்ள உள்தோலையே உரித்துவிட்ட பின்னும் விலங்குகளின் பெருங்குடலில் அலை ஓடியது. அதனால் செரோடோனின் அலையைத் தொடங்கிவைப்பதைவிட அதன் வேகத்தையும் வலுவையும் கூட்டிக் குறைக்கிறது என்று சொல்வதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை.

குடலில் செரோடோனின் அதிகம் என்றால், நன்றாகச் சாப்பிட்டால் மனசும் சந்தோஷப்படும் என்கிறார்களே?

வாட்ஸ்அப் செய்தி. குடல் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கந்தரப்பம் சாப்பிட்டால் மனசு குளிர்வது உண்மைதான். அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

பந்தி முடிந்து எழுந்ததும் வயிறு ஏன் கல் போல இருக்கிறது? சிலர் ஏன் நேராகக் கழிப்பறைக்கு ஓடுகிறார்கள்?

கல் போல இருப்பது கோலெசிஸ்டோகைனின் வேலை. அன்றைய இலையில் வெள்ளைப் பணியாரம், வடை, பால் பணியாரம், நெய் என்று எண்ணெய்க்குக் குறைவில்லை. கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அந்த ஹார்மோன் வேகஸின் உணர்முனைகளைத் தட்டுகிறது. மூளைத்தண்டு வரை போய்த் திரும்பும் அனிச்சைச் செயலால் இரைப்பை தளர்கிறது, அதன் கீழ்வாசல் இறுகுகிறது. ‘உள்ளே இருப்பதைச் செரித்து முடிக்கிறேன், அதுவரை அடுத்ததை அனுப்பாதே’ என்று சிறுகுடல் கேட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். போதும் என்ற உணர்வும் அதோடு சேர்ந்தே வருகிறது. அவசரமாகச் சாப்பிட்டு எழுகிறவருக்கு அந்தச் சேதி வந்து சேர்வதற்குள் நாலு பணியாரம் கூடப் போயிருக்கும்.

கழிப்பறைக்கு ஓடுவது வேறு கதை. இரைப்பை விரிந்தால் பெருங்குடல் சுருங்கி இடம் ஒதுக்கும். பெரும்பங்கு நரம்பின் அனிச்சைச் செயல், கூடவே சில ஹார்மோன்களும் கைகொடுக்கின்றன. இப்போது சாப்பிட்டது அதற்குள் வெளியே வந்துவிடுவதில்லை. வருவது முந்தின நாள் கணக்கு.

குன்றக்குடிக்கு சஷ்டி விரதம் இருந்தால் வயிறு கடமுடா என்கிறதே, அது பசியா?

அது துப்புரவு. வெறும் வயிற்றில் ஏறத்தாழ ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை ஒரு பலமான அலை ஓடுகிறது. செரிக்காமல் நின்ற துணுக்கு, உதிர்ந்த செல், கிருமி எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. இரைப்பையிலிருந்து கிளம்பும் அலைக்குக் கொடி காட்டுவது மோட்டிலின். ரத்தத்தில் அதன் அளவு ஏறும்போது அலை கிளம்புகிறது. சிறிய அளவில் மோட்டிலின் நரம்பைத் தூண்டி அசைக்கிறது, அளவு கூடினால் தசையையே நேராகப் பிடிக்கிறது. காற்றும் நீரும் கலந்து ஓடும் சத்தம்தான் கடமுடா.

சாப்பிட்டதும் இந்த அலை நின்றுவிடும். நம் வீடுகளில் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு முறுக்கு, நாலு மணிக்கு இடைப்பலகாரம், அது முடிவதற்குள் யாராவது கொண்டுவரும் தேன்குழல் என்று போனால், பகலில் துப்புரவுக்கு நேரமே கிடைக்காது. ராத்திரிதான் கூட்டிக்கொள்ளும். இதனால் நோய் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

இன்னொன்று. சுண்டெலிக்கும் எலிக்கும் வேலை செய்கிற மோட்டிலின் கிடையாது. எலியை வைத்து எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் இந்த இடத்தில் நாய் பக்கம் போக வேண்டியதாயிற்று.

செட்டிநாட்டுக் காரம் குடல் ஹார்மோனைக் கெடுக்குமா?

காரம் ஹார்மோன் வழியைச் சுற்றிக்கொண்டு வருவதில்லை. நேராக நரம்பைப் பிடிக்கிறது. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் உட்காரும் ஏற்பியை, அதாவது அதை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதத்தை, 1997-இல் அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு. சூட்டை உணர்வதும் அதே ஏற்பிதான். அதனால்தான் காரமும் எரிச்சலும் நமக்கு ஒன்றாகத் தெரிகின்றன. அந்த ஏற்பி நாக்கில் மட்டுமல்ல, குடலின் உணர்நரம்புகளிலும் இருக்கிறது. மிளகாய் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மிளகின் பைபரினும் அதே ஏற்பியைத்தான் தட்டும், கொஞ்சம் மெதுவாக. பழகியவருக்கு அந்த நரம்புகள் மரத்துவிடுகின்றன. சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு மறுநாள் காலை நேரும் அவதி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேராததற்கு இது ஒரு காரணம்.

சர்க்கரைக்கும் உடம்பு இளைக்கவும் போடும் புது ஊசி குடல் ஹார்மோன்தான் என்கிறார்களே?

ஆமாம். ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் நகல் அது. அந்த ஹார்மோன் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் சுரக்கிறது. சாப்பாடு செரிக்காமல் அவ்வளவு தூரம் வந்துவிட்டால், மேலே வேகம் அதிகம் என்று அர்த்தம். அதனால் இதுவும் பிஒய்ஒய்யும் சேர்ந்து மேல்பகுதிக்கு பிரேக் போடுகின்றன. ஜிஎல்பி-1 ஏற்பி கணையத்தில் இருக்கிறது, வேகஸின் உணர்நரம்பிலும் இருக்கிறது.

இயற்கையான ஜிஎல்பி-1 சுரந்த இரண்டே நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். டிபிபி-4 என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுப்பவைதான் நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள். ஊசியில் வேறு வழி: நொதிக்குச் சிக்காத உருவத்தில் மருந்தையே செய்துவிட்டார்கள். 2005-இல் வந்த முதல் மருந்து எக்ஸெனடைட். அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் விஷ உமிழ்நீரில் அதன் மூலப்பொருள் கிடைத்தது. இப்போதைய செமகுளுடைடின் அளவு உடம்பில் பாதியாக ஒரு வாரம் ஆகும்.

இரண்டு நிமிஷம் தட்ட வேண்டிய கதவை வாரக்கணக்கில் தட்டினால் என்ன ஆகும்? குமட்டல், வயிறு நிரம்பியே இருப்பது, மலச்சிக்கல். அளவை மெல்ல மெல்ல ஏற்றுவது இதற்காகத்தான். ஆபரேஷன் ஏதாவது இருந்தால் இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பட்டினி கிடந்தும் இரைப்பையில் சாப்பாடு தங்கியிருக்கலாம்.

நெடுநாள் சர்க்கரை இருந்தால் குடல் நரம்பு கெடுமா?

கெடும். என் அத்தைக்கு இருபது வருஷச் சர்க்கரை. இரண்டு கவளத்திலேயே போதும் என்பார், ராத்திரி சாப்பிட்டது காலையில் வாந்தியாக வரும். கேஸ் என்று சொல்லி ஒரு வருஷம் ஜெலுசில் கொடுத்தே ஓட்டினார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட பிறகும் மயங்கி விழுந்தார். பிறகுதான் தெரிந்தது, சாப்பாடு இரைப்பையிலேயே நின்றுகொண்டிருந்தது. இன்சுலின் வேலையை முடித்துவிட்டது, சாப்பாட்டின் சர்க்கரை ரத்தத்துக்கு வந்து சேரவில்லை. வேகஸ் நரம்பும், இரைப்பைச் சுவரின் நரம்புகளும், தாளம் போடும் காஹால் செல்களும் சேதமானால் ஹார்மோன் எவ்வளவு சுரந்தும் கேட்க ஆள் இருக்காது.

இதற்கெல்லாம் மருந்து உண்டா?

உண்டு, பலவும் ஹார்மோனும் நரம்பும் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு நடுவில் புகுகிறவைதான். கீமோதெரபியின்போது குடல் செல்கள் செரோடோனினைக் கொட்டிவிடும், வாந்தி நிற்காது. ஆண்டான்செட்ரான் என்ற மருந்து செரோடோனின் உட்காரும் ஓர் ஏற்பியை அடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டவருக்கு மலச்சிக்கல் வருவதும் இதனால்தான். பிரூகாலோபிரைட் செரோடோனினின் இன்னொரு ஏற்பியைத் தூண்டி, நாள்பட்ட மலச்சிக்கலுக்கு உதவுகிறது. எரித்ரோமைசின் கிருமிக்கான மருந்து. தற்செயலாக அது மோட்டிலின் ஏற்பியிலும் போய் உட்காருகிறது. சாப்பிட்டவருக்கு வயிறு முறுக்குவது அதனால். அதையே பயனாக்கி, நகராத இரைப்பைக்குச் சிறிய அளவில் டாக்டர்கள் கொடுப்பார்கள். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, நிற்காத வாந்தி இருந்தால் ஹார்மோன் ஆராய்ச்சியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சுக்கு?

சுக்கில் உள்ள சில பொருள்கள், ஆண்டான்செட்ரான் அடைக்கும் அதே செரோடோனின் ஏற்பியைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். குமட்டலுக்கு அப்பத்தா கொடுத்த சுக்குத்தண்ணியில் விஷயம் இருந்திருக்கிறது. மருந்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

குடல் நரம்பே இல்லாமல் குழந்தை பிறக்குமா?

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் மட்டும் இல்லாமல் பிறக்கும், ஏறத்தாழ 5,000 குழந்தைக்கு ஒன்று. ஹிர்ஷ்ப்ருங் நோய் என்று பெயர். ஹார்மோனும் தசையும் இருந்தும், நரம்பு செல் இல்லாத அந்தத் துண்டு தளரத் தெரியாமல் இறுகியே கிடக்கும், அதற்கு மேலே குடல் வீங்கும். பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை என்றால் கவனிக்கச் சொல்வது இதற்காகவும்தான். அந்தத் துண்டை அறுவை செய்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்து நன்றாக வளர்கிறார்கள்.

காலையில் காப்பி குடித்தால்தான் வயிறு இளகுகிறது. இது பழக்கமா, மெய்யா?

கேட்டவர் எண்பது வயது ஐயா, கையில் டபராவோடு. மெய்தான் ஐயா. தூங்கும்போது பெருங்குடல் அடங்கியிருக்கும், எழுந்ததும் அதுவும் எழும். அந்த நேரம் பார்த்துக் காப்பி போனால் கேஸ்ட்ரினும் கோலெசிஸ்டோகைனினும் கூடுகின்றன, சிலருக்குச் சில நிமிஷத்திலேயே பெருங்குடல் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. காஃபின் நீக்கிய காப்பியும் ஓரளவு செய்கிறது, ஆகவே காஃபின் மட்டும் காரணமில்லை. இதைக் கேட்டுவிட்டு ஐயா, “அப்ப இன்னொண்ணு போடச் சொல்லு” என்று அடுப்படிப் பக்கம் டபராவை நீட்டினார்.